நரம்பணுவுக்குள் சோடியம் பாய்ந்துகொண்டே இருந்தால், செறிவு வேறுபாடு ஏன் தீர்ந்துபோவதில்லை?

ஆறாம் படிவ மாணவி, சுங்கை சிப்புட்:
நரம்பணுவுக்கு வெளியே லிட்டருக்கு ஏறத்தாழ 145 மில்லிமோல் சோடியமும், உள்ளே 140 மில்லிமோல் பொட்டாசியமும் இருப்பதாகப் படித்தேன். ஒவ்வொரு நரம்புத் துடிப்பிலும் (நரம்பில் ஓடும் மின்சைகையிலும்) சோடியம் உள்ளே பாய்ந்து பொட்டாசியம் வெளியேறினால், சில நூறு துடிப்புகளில் இரு பக்கமும் சமமாகிவிடாதா? அவற்றைப் பழைய இடத்துக்கே திருப்பும் பம்பு (நரம்பணுவின் சவ்விலுள்ள ஒரு புரதம்) அவ்வளவு வேகமாகவா இறைக்கிறது?

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்:
பம்பு மிக மெதுவானது, அம்மா. ஓர் ஏடிபிக்கு (உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் அது, வினாடிக்கு நூறு, இருநூறு சுற்றுதான் சுற்றும். சவ்வில் திறந்திருக்கும் ஒரு சோடியம் வாயிலோ வினாடிக்குப் பத்து இலட்சத்துக்கும் மேல் என்ற வீதத்தில் அயனிகளை விடுகிறது. ஆனால் அது திறந்திருப்பது ஒரு மில்லிவினாடி அளவே. சவ்வின் மின்னழுத்தத்தைப் புரட்டிப்போட, சதுர சென்டிமீட்டருக்குச் சில பிக்கோமோல் (மில்லிமோலில் நூறு கோடியில் ஒரு பங்கு) அயனிகள் கடந்தாலே போதும். தோட்டத்து உயர்தொட்டியிலிருந்து ஒரு குவளை மொண்டால் நீர்மட்டம் இறங்கியதாகத் தெரிகிறதா? 1955இல் உடலியல் அறிஞர்கள் ஹாட்ஜ்கினும் கீன்ஸும் கணவாயின் (நம் சந்தையில் சோத்தோங்) பெரிய நரம்பிழையில் நஞ்சிட்டுப் பம்பை நிறுத்திய பிறகும், அது துடிப்புகளைக் கடத்திக்கொண்டே இருந்தது. மெல்லிய இழைகளில் மட்டும் அயனி இருப்பு விரைவாகக் குறையும்.

முதுகலை மாணவர், ஈப்போ:
ஐயா சொன்னதோடு ஒன்று: ஓய்வுநிலையில் சவ்வின் மின்னழுத்தமான சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட்டைப் பம்பே நேரடியாக உண்டாக்குவதாகப் பலர் எழுதுகிறார்கள், அது தவறு. அதில் பெரும்பங்கு, பம்பு சேர்த்துவைத்த பொட்டாசியம் கசிந்து வெளியேறுவதால் வருவது. சைகைக்கு இன்னும் கூர்மையானது கால்சியம்: உள்ளே லிட்டருக்கு 100 நானோமோல் (மில்லிமோலில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு), வெளியே அதைப்போல் பத்தாயிரம் மடங்கு. ஆகவே சிறிதளவு உள்ளே நுழைந்தாலும் நரம்பு முனைக்கு அது பெரிய செய்தி.

தோட்ட மருந்தகத்தில் டிரெஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்தவன்:
பம்பு நின்றால் என்ன ஆகும் என்பதற்குக் கோயில் வாசலில் பூக்கும் அரளியே சான்று. அதன் நஞ்சு இந்தப் பம்பைத்தான் பிடித்துக்கொள்கிறது. இதயத் தசையில் சோடியம் தேங்கினால், சோடியத்தின் பாய்ச்சலை நம்பிக் கால்சியத்தை வெளியேற்றும் புரதம் தளர்ந்து, கால்சியம் ஏறி, துடிப்பு தாறுமாறாகும்.

மாணவி:
அப்படியானால் அரளி தின்றவரின் இரத்தத்தில் பொட்டாசியம் கூடுமா?

டிரெஸ்ஸர்:
கூடும், பிள்ளை. கசிந்து வெளியே வந்ததைத் தசை திரும்ப இழுத்துக்கொள்ள முடியாதல்லவா? அதனால்தான் மருத்துவமனையில் இதயத் துடிப்பு வரைபடத்தோடு அதையும் உடனே அளக்கிறார்கள்.