மீமின் வேரை மறைத்துவிட்டுப் பகிரலாமா?

தேக்கா வாசகி:
சிங்கப்பூரில் வாகனம் வாங்கத் தேவையான சிஓஇ என்ற உரிமைச் சான்றிதழின் கட்டணம் ஏறினால் போதும், வடிவேலுவின் முகம் நம் வாட்ஸ்அப் குழுக்களை நிறைத்துவிடுகிறது. பல படங்களில், செய்தவர் ஓரத்தில் போட்டிருந்த பெயரை யாரோ வெட்டியெடுத்திருக்கிறார்கள். கேட்டால் மீம் எல்லாருக்கும் பொது என்கிறார்கள். எனக்கு இது உழைப்புத் திருட்டாகவே தெரிகிறது.

ஈசூன் குமரன்:
அக்கா, பிறந்த இடத்தை விசாரித்துக்கொண்டிருந்தால் எந்த மீமும் கடல் தாண்டாது. 2019 மே மாதம் நடந்தது நினைவிருக்கிறதா? பொறியியல் தொடர்பான ஒரு முகநூல் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. இதுதான் ஜமீன் மாளிகையில் காண்டிராக்டர் நேசமணியின் தலையைப் பதம் பார்த்தது என்று ஒரு தமிழர் பதில் எழுதினார். 2001-இல் வந்த படத்தில் வடிவேலு ஏற்ற பாத்திரம் அது! நேசமணிக்காகப் பிரார்த்திப்போம் என்ற ஹேஷ்டேக் ட்விட்டரின் உலகப் பட்டியலில் ஏறியது. அவர் யாரென்றே அறியாதவர்கள் விசாரித்ததும் அதன் வேகத்தைக் கூட்டியது.

தேக்கா வாசகி:
விசாரித்தவர்களுக்கு விளக்கம் சொல்லத் தமிழர்கள் இருந்தார்களே, தம்பி. அங்கே வேர் அறுபடவில்லை. அறுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு பெப்பே தவளையைப் பாருங்கள். மாட் ஃபியூரி என்ற ஓவியர் 2005-இல் காமிக்ஸுக்காக வரைந்த சாதுவான பாத்திரம் அது. பெயர் சொல்லாமல் படம் பகிரும் ஃபோர்சான் (4chan) இணையத்தளத்தில் கைமாறிக் கைமாறி, இனவெறியர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். 2016-இல் அமெரிக்காவின் அவதூறு எதிர்ப்பு அமைப்பு, வெறுப்புச் சின்னங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது. வரைந்தவர் தன் தவளையை மீட்க நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. அவர் செய்த குற்றம் என்ன?

ஈசூன் குமரன்:
கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 2019-இல் ஹாங்காங் போராட்டக்காரர்கள் அதே தவளையைத் தங்கள் சுவரொட்டிகளில் வைத்தார்கள். அமெரிக்காவில் அதற்கு ஒட்டிய கறை அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரியாததால்தான் தயங்காமல் எடுத்தார்கள். ஃபியூரியும் அதை வரவேற்றார். ஒரு கூட்டம் கெடுத்ததை, பழைய அர்த்தம் அறியாத இன்னொரு கூட்டம் மீட்டது.

பொங்கோல் மாறன்:
நான் மீம் செய்பவன். குமரன் அண்ணா, என் படத்தில் வசனத்தை மாற்றி உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி நெரிசலுக்குப் பொருத்துங்கள், மகிழ்வேன். வசனத்தை மாற்றாமல் என் பெயரை மட்டும் வெட்டுவது எந்தப் பயணத்துக்கு உதவுகிறது?

ஈசூன் குமரன்:
உதவாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படத்தைச் சுருக்கும்போதும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போதும் ஓரங்கள் போய்விடும். எல்லாரையும் திருடர் என்பது அநியாயம்.

தேக்கா வாசகி:
தற்செயலாகப் போனதை நான் சொல்லவில்லை. ஒருவர் பெயரை அழித்துத் தம் பக்கத்தின் முத்திரையைக் குத்துகிறார்களே, அதைச் சொல்கிறேன். அப்படிப்பட்ட படங்களைக் குழு நிர்வாகிகள் நீக்க வேண்டும். இந்த வாரமே எங்கள் குழுவில் கேட்கப் போகிறேன்.