குவாட் டெஸ்டில் 1:180 வந்தபோது

கயல் அம்மா:

போன வருடம் எனக்கு நடந்தது இது. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கும் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் பிறவி நிலை) இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று பார்க்கும் டபுள் மார்க்கர் ரத்த டெஸ்டை கர்ப்பத்தின் 14 வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அப்போது அப்பாவுக்கு ஆபரேஷன், நாள் தாண்டிவிட்டது. அதனால் டாக்டர், அதற்குப் பிறகு எடுக்கும் குவாட்ரூபிள் (குவாட்) ரத்த டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் வாட்ஸப்பில் ரிப்போர்ட் வந்தது. ஒரு வரைபடம், சிவப்புக் கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி, கீழே "டவுன் சிண்ட்ரோம் 1:180, ஸ்கிரீன் பாசிட்டிவ்". பாசிட்டிவ் என்றதும் குழந்தைக்குக் குறை உறுதி என்றே நினைத்துவிட்டேன். அன்று ராத்திரி வீட்டில் யாருமே சாப்பிடவில்லை.

மறுநாள் டாக்டர் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். இதே எண் வந்த 180 பேரில் ஒருவரின் குழந்தைக்கு இருக்கலாம், 179 பேரின் குழந்தைக்கு இருக்காது. ரிஸ்க் 250-ல் ஒன்றைத் தாண்டினால் அந்த லேப் பாசிட்டிவ் என்று போடும், அவ்வளவுதான். நம் ரத்தத்தில் இருக்கும் நான்கு பொருள்களின் அளவோடு வயது, எடை, கர்ப்ப வாரம் எல்லாம் சேர்த்து கம்ப்யூட்டர் போடும் கணக்கு அது.

அப்புறம் என் 8-வது வார ஸ்கேனைக் கேட்டார். எனக்கு பீரியட்ஸ் 40, 45 நாளுக்கு ஒருமுறைதான் வரும். லேப் படிவத்திலோ கடைசி பீரியட்ஸ் தேதியை வைத்து 17 வாரம் என்று போட்டிருந்தார்கள். ஸ்கேன் படி 15 வாரம் 3 நாள்தான். அந்த நான்கு பொருள்களில், இந்தக் கட்டத்தில் வாரம் ஏற ஏற ஏஎஃப்பி கூடும், எச்சிஜி குறையும். 15 வார ரத்தத்தை 17 வார அளவோடு ஒப்பிட்டால் ஏஎஃப்பி குறைவாகவும் எச்சிஜி அதிகமாகவும்தானே தெரியும்? டவுன் சிண்ட்ரோம் கர்ப்பத்தில் வரும் சாயலும் அதேதான். புதிதாக ரத்தம் எடுக்கவில்லை. தேதியை மட்டும் திருத்தி லேப் மறுபடி கணக்குப் போட்டது: 1:1100. குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் அனாமலி ஸ்கேனும் நன்றாக வந்தது. கயலுக்கு இப்போது ஏழு மாதம்.

ரத்தம் கொடுக்கும்போதே படிவத்தை வாங்கிப் படியுங்கள். வாரம், எடை, சர்க்கரை உண்டா, ஐவிஎஃப்பா, இரட்டையா என்று எல்லாம் சரியாக இருக்க வேண்டும்.

செல்வி:

அக்கா, எனக்குத் தேதியில் தவறே இல்லை. வயது 38, டபுள் மார்க்கரும் என்டி ஸ்கேனும் (குழந்தையின் பின்கழுத்தில் இருக்கும் நீரின் அளவைப் பார்ப்பது) சேர்த்து 1:40. என்ஐபிடி (அம்மாவின் ரத்தத்தில் கலந்திருக்கும் குழந்தையின் டிஎன்ஏவைப் பார்க்கும் டெஸ்ட்) எடுக்கலாமா என்று கேட்டேன். நல்ல டெஸ்ட்தான், ஆனால் அதுவும் வாய்ப்பை மட்டும் சொல்லும் ஸ்கிரீனிங்தான், பாசிட்டிவ் வந்தால் எப்படியும் வயிற்றில் ஊசி போட்டு பனிக்குட நீர் எடுத்து உறுதி செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அதனால் 16-வது வாரத்தில் நேராக பனிக்குட நீரே எடுத்தோம். ஸ்கேன் திரையில் ஊசி நுனி வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது, குழந்தை ஓரமாகக் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. சிரிஞ்சில் இளமஞ்சள் நீர். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கரு கலையும் அபாயம் மிகக் குறைவு, ஆனாலும் உண்டு என்று முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். மூன்றாம் நாள் முதல் ரிசல்ட், முழு ரிசல்ட்டுக்கு இரண்டு வாரத்துக்கு மேல். இரண்டுமே நார்மல்.

யாழினி அம்மா:

எனக்கு வந்தது 1:2400, லோ ரிஸ்க். யாழினி டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தாள். டெஸ்ட் தவறா என்று பல நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். தவறு இல்லை. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும் 100 அம்மாக்களில் ஏறக்குறைய 80 பேரைத்தான் குவாட் டெஸ்ட் கண்டுபிடிக்கும், 2400-ல் அந்த ஒருத்தி நான். இதை யாரும் முன்கூட்டி எனக்குச் சொல்லவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இப்படிப்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். பிறந்ததும் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துவிடுங்கள். யாழினிக்கு ஐந்தாம் மாதம் ஆபரேஷன் செய்தோம். இப்போது இரண்டரை வயது. நேற்று சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று படி தானாகவே ஏறினாள்.