விர்ச்சுவல் டெஸ்க்டாப் திரை திணறுவது: ஆர்டிபி, பிசிஓஐபி, பிளாஸ்ட், சிட்ரிக்ஸ் – நீங்கள் பார்த்தது என்ன?

எங்கோ ஓடும் கணினியின் திரையை நம் முன் கொண்டுவருவது விர்ச்சுவல் டெஸ்க்டாப்; தலைப்பில் உள்ள நான்கும் அந்தத் திரையை அனுப்பும் புரோட்டோகால்கள் (விதிமுறைகள்). எந்த புரோட்டோகால் எங்கே திணறியது, எதைத் தொட்டதும் சரியானது என்று எழுதுங்கள். கம்பெனி பிரோஷரில் உள்ள ஒப்பீடு வேண்டாம்.

கேபிள்:
புரோட்டோகால் பெயரைப் பார்ப்பதற்கு முன், செஷன் யுடிபியில் (தொலைந்ததற்குக் காத்திராத அனுப்பு முறை) ஓடுகிறதா டிசிபியில் (எல்லாம் வரிசையாகச் சேர்வதை உறுதி செய்யும் முறை) ஓடுகிறதா என்று பாருங்கள். டிசிபியில் ஒரு பேக்கெட் (தரவுத் துண்டு) தொலைந்தால், அது மறுபடி வந்து சேரும்வரை பின்னால் வந்தவையும் காத்துக் கிடக்கும். தூரத்து லைனில் லேசான இழப்பு இருந்தாலே மவுஸ் தத்தித் தத்தி நகரும்.

ஆர்டிபி 8.0 பதிப்பிலிருந்து (2012) யுடிபி போர்ட் (இணைப்பு வாசல்) 3389ஐயும் பயன்படுத்துகிறது. ஃபயர்வாலில் டிசிபி 3389 மட்டும் திறந்திருந்தால் எந்த எச்சரிக்கையும் தராமல் டிசிபியிலேயே ஓடும். புகார் "ஸ்லோவா இருக்கு" என்றுதான் வரும். முழுத்திரையில் மேலே வரும் பட்டையில் சிக்னல் குறியை அழுத்தினால் யுடிபி இயங்குகிறதா என்று சொல்லிவிடும்.

பிசிஓஐபியில் கதை வேறு. படம் முழுக்க யுடிபி 4172இல்தான் வரும். அதை அடைத்தால் லாகின் ஆகும், கறுப்புத் திரை வரும், கொஞ்ச நேரத்தில் இணைப்பு அறுந்துவிடும். பிளாஸ்டுக்கு நேரடி இணைப்பில் 22443, கேட்வே (வெளியிலிருந்து வருவோருக்கான நுழைவு சர்வர்) வழியாக என்றால் பெரும்பாலும் 8443. சிட்ரிக்ஸுக்கு 1494, 2598. மூன்றிலும் டிசிபி, யுடிபி இரண்டையும் திறந்து விடுங்கள்.

டெர்மினல்:
போர்ட் எல்லாம் திறந்தும் விபிஎன் வழியாக மட்டும் ஆர்டிபி உறைகிறதா? எம்டியுவை (ஒரு பேக்கெட்டின் அதிகபட்ச அளவு) சந்தேகியுங்கள். டனல் (விபிஎன் பாதை) தன் ஹெடரை (முன்தகவலை) சேர்ப்பதால் பெரிய யுடிபி பேக்கெட் வழியில் விழுந்துவிடும். பிங் கட்டளையில் 'துண்டாக்காதே' ஆப்ஷனைப் போட்டு 1472 பைட் அனுப்புங்கள் (28 பைட் ஹெடரோடு 1500). போகவில்லை என்றால் பத்துப் பத்தாகக் குறையுங்கள். போகும் அளவோடு 28 கூட்டினால் அதுதான் பாதையின் எம்டியு. டனல் இன்டர்ஃபேஸில் அதை வையுங்கள். உடனே ஆள் வேலை பார்த்தாக வேண்டும் என்றால் குரூப் பாலிசியில் கிளையன்ட் பக்கம் யுடிபியை அணைத்துவிடலாம். வேகம் குறையும், ஆனால் உறையாது.

பிக்சல்:
படத்தின் தரம் பற்றி யாரும் சொல்லவில்லையே. எச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை) வழக்கமாக 4:2:0 முறையில் அனுப்பும்: வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும், நிறம் நான்கு பிக்சலுக்கு ஒன்று. வீடியோவில் தெரியாது. கேட் (கணினி வழி வடிவமைப்பு) வரைபடத்தில் கறுப்புப் பின்னணியில் ஒரு பிக்சல் சிவப்புக் கோடு இருந்தால் மங்கிக் கசியும், சின்ன நிற எழுத்தும் அப்படியே. ஆர்டிபி 10இல் ஏவிசி 444 பாலிசியை (நிறத்தையும் ஒவ்வொரு பிக்சலுக்கும் அனுப்புவது) இயக்கினால் கோடு கூர்மையாகும். ஆனால் அது இரண்டு 4:2:0 ஸ்ட்ரீமாக அனுப்பப்படுவதால் என்கோடிங் வேலை கூடும். ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) இல்லாத ஹோஸ்டில் (டெஸ்க்டாப் ஓடும் தூரத்துக் கணினியில்) எல்லாருக்கும் இயக்காதீர்கள், சிபியு தாங்காது. வரைபடக்காரர்களுக்கு மட்டும் போதும். பிசிஓஐபி இதில் நல்ல பெயர் வாங்கியது: முதலில் மங்கலாகக் காட்டி, திரை அசையாமல் நின்றதும் இழப்பில்லாத படம்வரை கட்டி முடிக்க அதனால் முடியும்.

கேபிள்:
444 இயக்கிய பிறகும் திரையைச் சுழற்றும்போது தத்துகிறதா? ஆர்டிபி வழக்கமாக நொடிக்கு 30 ஃபிரேமோடு நின்றுவிடும். ஹோஸ்ட் ரெஜிஸ்ட்ரியில் டிடபிள்யூஎம் ஃபிரேம் இன்டர்வல் மதிப்பை டெசிமல் 15 ஆக்கி ரீஸ்டார்ட் செய்தால் 60 வரை போகும்.