நிலக்கடலைப் பூவில் கலப்பு செய்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். சீக்கிரம் விளையும் கொத்துக் கடலையையும் பருப்பு திரட்சியான கொடிக் கடலையையும் கலந்து பார்க்கிறேன். நிலக்கடலை தன் மகரந்தத்திலேயே காய்க்கும் பயிர் ஆயிற்றே. அதனால் முந்தின நாள் சாயங்காலமே மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட்டு, மறுநாள் விடிந்ததும் மகரந்தம் வைக்கிறேன். மொட்டு ரொம்பச் சின்னது, இடுக்கி லேசாகப் பட்டாலே மகரந்தம் ஏற்கும் சூல்முடி ஒடிகிறது. தப்பிய பூவிலும் விழுது (மண்ணுக்குள் போய்க் காயாகும் காம்பு) இறங்குவது அபூர்வம். காற்றில் ஈரம் போதவில்லையா, என் கைப்பக்குவம்தான் சரியில்லையா?

அப்புறம், கலப்பில் வந்த விழுதுக்கு எப்படி அடையாளம் வைக்கிறீர்கள்? நூல் மண்ணுக்குள் மக்கிவிடுகிறது. ஜிப்சம், மண் அணைப்பு எல்லாம் சரியாகப் போகிறது; பொக்குக் காய் தொல்லை இல்லை. கலப்பு செய்து பழகியவர்கள் சொன்னால் போதும்.