பொருள்: குரங்குக் கூண்டில் 'என்ரிச்மென்ட்' – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

செ. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். ஆய்வுக்கூடங்களில் குரங்குகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மற்றதெல்லாம் முடிந்தது, 'என்விரான்மென்டல் என்ரிச்மென்ட்' மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. மொத்தம் 61 இடத்தில் வருகிறது.

1985-இல் அமெரிக்கா தன் விலங்குநலச் சட்டத்தைத் திருத்தியபோது, குரங்கினங்களின் உளநலத்துக்கு ஏற்ற சூழலைத் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்ந்தது. உயரத்தில் ஏறி உட்கார ஒரு கட்டை, கடித்துத் துப்ப மரத்துண்டு, துழாவித் தின்னும்படி மரச்சீவலில் தூவிய தானியம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கூட ஒரு துணை. இத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். நான் 'சூழல் செறிவூட்டல்' என்று போட்டு ஒரு பணியாளரிடம் படித்துக் காட்டினேன். "ரேஷன் கடையில போடுறாங்களே, அந்த அரிசியா?" என்றார்.

இரா. எழுதியது:

அவர் கேட்டது நியாயம்தான். யுரேனியத்தையும் செறிவூட்டுகிறோம், அரிசியையும் செறிவூட்டுகிறோம், குரங்கையாவது விட்டுவைப்போம். 'சூழல் வளமூட்டல்' போதுமே? மண்வளம் என்று நாளும் புழங்குகிற சொல்.

புலவர் ஐயா எழுதியது:

அன்புடையீர், 'வளம்' என்பது விளைவைக் குறிக்கும், செயலைக் குறிக்காது. செழு என்னும் அடியிலிருந்து 'செழிப்பாக்கம்' என்று கொள்வதே முறை. 'ஊட்டல்' எனின் சோறூட்டல் நினைவே வரும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 'குரங்கு' என்ற பெயரே குரங்குதல், அதாவது வளைதல் என்ற வினையில் பிறந்தது என்பர். அமரும்போது வளைந்திருப்பதால் வந்த பெயர். தொல்காப்பிய மரபியல் 'குரங்கும் முசுவும் ஊகமும் மந்தி' என்று மூன்றன் பெண்பாலுக்கும் ஒரே பெயர் சொல்கிறது. கையேட்டில் 'பெண் குரங்கு' என்று வருமிடமெல்லாம் 'மந்தி' என்று திருத்திவிடுங்கள். ஆணுக்குக் 'கடுவன்' இருக்கிறது. உளநலம் பற்றிச் சட்டம் 1985-இல்தான் பேசியது. குறுந்தொகை 69-இல் கலை (ஆண் குரங்கு) இறந்ததும் 'கைம்மை உய்யாக் காமர் மந்தி' தன் பறழை (குட்டியை)ச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிர்விடுகிறது. துணை இழந்த குரங்குக்கு என்ன ஆகும் என்று நம்மவர் அன்றே கண்டனர்.

இரா. எழுதியது:

ஐயா, 'கடுவன் 12, மந்தி 9' என்று தீனிப் பதிவேட்டில் எழுதினால் பணியாளர் யாரைக் கேட்பார்?

வி. (கால்நடை மருத்துவம், ஓய்வு) எழுதியது:

குறுந்தொகைப் பாட்டு எனக்குப் பிடித்தது, நன்றி ஐயா. ஆனால் செ. நாளை மறுநாள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

பணிக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆய்வுக்கூடத்தில் (பெயர் வேண்டாம்) தனிக்கூண்டில் ஒரு கடுவனைப் பார்த்தேன். ஒரே இடத்தில் பம்பரம் மாதிரி சுற்றும். இடது முன்னங்கையைத் தானே கடித்துக் கடித்து மயிர் உதிர்ந்து தோல் தெரிந்தது. வண்ணப் பந்து ஒன்றைப் போட்டார்கள். இரண்டு நாள் உருட்டியது, மூன்றாம் நாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே கூண்டு கழுவுகிற பெரியவர் ஒருவர் பட்டையோடு ஒரு புளியங்கிளையை உள்ளே செருகினார். அதை உரித்து, நாரைப் பல்லால் இழுத்து, முகர்ந்து, ஒரு பகல் முழுக்க அதற்கு வேலை. "அதுக்குப் பராக்கு வேணும் சார், பொம்மை எதுக்கு?" என்றார்.

என் ஓட்டு அந்தச் சொல்லுக்கு. 'பராக்கு'. செழிப்பு, வளம் எல்லாம் கூண்டுக்குச் சூட்டுகிற பட்டம். குரங்கு என்ன செய்கிறது என்பது அவற்றில் இல்லை.

புலவர் ஐயா எழுதியது:

'பராக்கு' தமிழே அன்று! கட்டியக்காரன் 'பராக்! பராக்!' என்று கூவினால் கவனி என்று பொருள், பராக்குப் பார்க்காதே என்றால் கவனம் சிதறாதே என்று பொருள். முரண்பட்ட இரு பொருளைச் சுமக்கும் சொல் கலைச்சொல்லாகாது.

ந. (யாழ்ப்பாணம்) எழுதியது:

எங்கட பக்கம் 'பிராக்கு' எண்டுதான் சொல்றது. பிள்ளைக்குப் பிராக்குக் காட்டித்தான் சோறு தீத்துறது. ஆனால் அதிலதான் எனக்கு ஒரு இடறல். பிராக்குக் காட்டுறது ஏமாத்து. நிலாவைக் காட்டிப்போட்டு வாயில திணிக்கிறம். ஊசி போடேக்க குரங்கை ஏமாத்துறதுக்கும் இந்தச் சொல்தானே பொருந்தும்?

வி. எழுதியது:

ந. சொன்னது சரியான இடத்தில் குத்துகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் விக்டர் ரைன்ஹார்ட் என்ற கால்நடை மருத்துவர் ரீசஸ் குரங்குகளைப் பழக்கியதைப் படித்திருக்கிறேன். பின்சுவரை இழுத்துக் கூண்டோடு நசுக்கிப் பிடிப்பதற்குப் பதில், தன் கூண்டிலிருந்தபடியே குரங்கு தானாகக் காலை நீட்டும், ரத்தம் எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஏமாற்று இல்லை, குரங்குக்கு எல்லாம் தெரியும். அதைப் பராக்கு என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் அது 'பழக்கல்', வேறு அத்தியாயம். புளியங்கிளைக்குப் பராக்குதான்.

ம. எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். அதே விஸ்கான்சினில்தான் ஹாரி ஹார்லோ என்ற உளவியலாளர் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, பால்புட்டி வைத்த கம்பிப் பொம்மைத் தாயையும் துணி சுற்றிய பொம்மைத் தாயையும் கொடுத்துப் பார்த்தார். குட்டிகள் துணித் தாயைக் கட்டிக்கொண்டன. துணை வேண்டும் என்ற அறிவே இப்படிப் பிரித்துப் பார்த்ததில் வந்தது. இந்தியா 1978-இல் ரீசஸ் ஏற்றுமதியை நிறுத்தியது. இவ்வளவு நடந்த இடத்தில் ஒரு கட்டையும் கிளையும் வைத்துவிட்டு 'செழிப்பாக்கம்' என்றால், சிறைக்கு வெள்ளையடித்துவிட்டு அரண்மனை என்பது போலிருக்கிறது. அடக்கமான சொல்லாகப் பாருங்கள். 'கூண்டு மேம்பாடு'?

இரா. எழுதியது:

குடிசை மேம்பாடு மாதிரி இருக்கிறது. ஒப்பந்தப்புள்ளி கோருவார்கள்.

செ. எழுதியது:

வியாழன் இரவு 11.40. இதுவரை: வளமூட்டல் 5, பராக்கு 2, செழிப்பாக்கம் 1, கூண்டு மேம்பாடு 1. தலைப்பிலும் அட்டவணைகளிலும் 'சூழல் வளமூட்டல்' போடுகிறேன். முதல் பக்கத்தில் "அதாவது, குரங்கு சும்மா உட்கார்ந்திருக்காமல் ஏறவும் கடிக்கவும் தேடவும் சேர்ந்திருக்கவும் வழிசெய்வது, நாம் பராக்கு என்போமே, ஏறக்குறைய அது" என்று ஒரு வரி. வி. ஐயாவுக்காக.

வி. எழுதியது:

'ஏறக்குறைய'வை எடுத்துவிடுங்கள்.

ந. எழுதியது:

அது இருக்கட்டும், விடுங்கோ. அந்த 'ஏறக்குறைய'வுக்காகத்தான் நான் பேசாமல் இருக்கிறன்.

புலவர் ஐயா எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. 'வளமூட்டல்' இரண்டாம் பதிப்பிலாவது மாறட்டும். அப்புறம், பக்கம் 14-இல் 'முதனி' என்று ஒரு சொல் கண்டேன். 'பிரைமேட்'டுக்காகவா? அதைப் பற்றித் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.

செ. எழுதியது:

ஐயா, கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது.