ஐபிஎஸ் செல்லுக்குத் தமிழ்ச்சொல்: ‘மீள்குருத்தணு’ சரியாக வருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஐபிஎஸ் (iPS) செல் என்பது, முதிர்ந்த உயிரணுவைத் திருப்பி, உடலின் எவ்வகை உயிரணுவாகவும் வளரக்கூடிய குருத்தணுவாக (ஸ்டெம் செல்) ஆக்கியது. அதை உருவாக்கிய ஜப்பானிய அறிவியலாளர் ஷின்யா யமனாக்காவின் ஆய்வுப் பயணத்தைக் கட்டுரையாக எழுதி வருகிறேன். அந்தச் செல்லுக்கு இங்கே முன்பு பேசிய ‘தூண்டப்பட்ட பல்திறன் குருத்தணு’ (induced pluripotent stem cell) என்ற சொல்லைத்தான் முதலில் வைத்தேன். ‘குருத்தணு’வில் எனக்குக் குறையே இல்லை, அருமையான சொல். இடறுவது ‘தூண்டப்பட்ட’தான்.

கருவின் வளர்ச்சியை ஆராயும் கருவியலில் ‘தூண்டல்’ ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது. ஒரு திசு தன் பக்கத்துத் திசுவை இன்னதாக வளரச் செய்வதுதான் அது. 1935இல் ஹான்ஸ் ஷ்பேமன் நோபல் பரிசு பெற்றது அதைக் கண்டறிந்ததற்கு. அங்கே வளர்ச்சி முன்னோக்கிப் போகிறது. யமனாக்காவோ அதைப் பின்னோக்கித் திருப்பியவர்.

எலும்பு அறுவை சிகிச்சையில் பயிற்சி பெற்று, பிறகு ஆய்வுக்கு வந்தவர் அவர். கருவை அழிக்காமல், வளர்ந்த உடலின் உயிரணுவிலிருந்தே குருத்தணுவைப் பெற முடியுமா என்பது அவருடைய கேள்வி. கருக் குருத்தணுக்களில் முக்கியமாக இயங்குபவை எனக் கருதிய 24 மரபணுக்களை அவர் குழு தேர்ந்தெடுத்தது. தனித்தனியே செலுத்தியபோது பலனில்லை. 24ஐயும் ஒன்றாகச் செலுத்தியதும் சுண்டெலியின் இணைப்புத்திசு உயிரணுக்கள் சில குருத்தணுக்களாயின. அப்புறம்தான் அழகான வேலை: ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மரபணுவை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். எது இல்லாவிட்டால் காரியம் கெடுகிறதோ அது தேவை. இப்படிக் கழித்துக் கழித்து நான்கில் வந்து நின்றார்கள். கசுதோஷி தகஹாஷியுடன் அவர் 2006இல் இதை வெளியிட்டார். 2007இல் மனித உயிரணுவிலும் அது நடந்தது.

1962இல் ஜான் குர்டன், தவளைக் குஞ்சின் குடல் உயிரணுவின் உட்கருவை (நியூக்ளியஸ்) முட்டைக்குள் வைத்து, முதிர்ந்த உயிரணுவின் உட்கருவும் புது உயிரை வளர்க்கும் என்று காட்டியிருந்தார். 2012இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். இரண்டிலும் பொதுவானது இந்தத் திரும்புதல்தான். காவோலை மறுபடி குருத்தோலை ஆவது போன்ற இந்த வியப்பு, சொல்லிலேயே தெரிய வேண்டாமா? அதனால் ‘மீள்குருத்தணு’ என்று முன்மொழிகிறேன். ‘பல்திறன்’ என்பதை விளக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

மறுமொழி:

ஐயா, சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் ‘மீள்’ என்றதும் சேதமான திசுவைத் திரும்ப வளர்க்கும் ‘மீளுருவாக்க மருத்துவம்’ நினைவுக்கு வருகிறதே. எலும்பு மஜ்ஜையிலும் குருத்தணுக்கள் உண்டு. அவற்றோடு குழம்பாதா?

மறுமொழி:

நல்ல கேள்வி. மஜ்ஜையில் இருப்பவை முதிர்ந்துவிட்டுத் திரும்பியவை அல்ல, அதனால் அவை வெறும் குருத்தணுக்களே. ‘மீள்’ சேர்ந்தால்தான் வேறுபாடு தெளிவாகிறது. மீளுருவாக்கத்தில் மீள்வது திசு, இங்கே மீள்வது உயிரணுவின் நிலை. இரண்டும் ஒரே துறையில் அருகருகே வருவதால் உறவு தெரிவதும் நல்லதுதான்.

இன்னொன்று. 2010இல் சுண்டெலியின் இணைப்புத்திசு உயிரணுவை நேரடியாகவே நரம்பணுவாக மாற்றினார்கள். இடையில் குருத்துநிலை இல்லாததால் அங்கே ‘மீள்’ பொருந்தாது. அதற்கு ‘நேர்மாற்றம்’ போதும். உயிரணுவின் வகையை மாற்றியமைக்கும், இரண்டுக்கும் பொதுவான செயல்முறைக்கு இப்போது புழங்கும் ‘மறுநிரலாக்கம்’ அப்படியே இருக்கட்டும்.