படகுக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓயாத சண்டை, அட்மின் என்ன செய்யலாம்?

கேள்வி: தங்கச்சிமடம்_அட்மின்

எங்க குழுவுல நாட்டுப்படகு, விசைப்படகு, வியாபாரிங்கன்னு முந்நூறு பேருக்கு மேல இருக்காங்க. டோக்கன் (கடலுக்குப் போற அனுமதிச் சீட்டு), காற்று எச்சரிக்கை, இறால் விலை எல்லாம் அதுலதான் வருது. ஒரு துக்கச் செய்தி போட்டா "ஆழ்ந்த இரங்கல்" வரிசையா விழுந்து, வானிலை அறிவிப்பு கண்ணுக்கே தெரியாம மேல போயிடுது. வேற படகு பட்டு வலை அறுந்தா யார் படகுன்னு தெரியும் முன்னாடியே ஏச்சு. ஒருத்தரை நீக்கினா "எங்க தெருவை மட்டும் ஏன்"னு பத்துப் பேர் சேர்ந்து வெளியேறுறாங்க. யாரோ போடுறதுக்கு அட்மின் மேல கேஸ் வரும்னு வேற சொல்றாங்க. குழுவை மூடாம ஒழுங்குபடுத்த வழி சொல்லுங்க.

பாம்பன்_தென்கடல்

தம்பி, முதல்ல எச்சரிக்கையையும் பேச்சையும் பிரிச்சிடுங்க. அறிவிப்புக்குன்னு தனிக்குழு தொடங்கி, செட்டிங்ஸ்ல போய் அட்மின் மட்டும் செய்தி அனுப்புற மாதிரி மாத்துங்க. வானிலை மையத்தோட மீனவர் எச்சரிக்கை, பாம்பன் துறைமுகத்துல ஏத்தின புயல் எச்சரிக்கைக் கூண்டு எண், டோக்கன் உண்டா இல்லையா, இது மூணும் போதும். விலைகூட அங்க வேணாம்.

இதை ஏன் வற்புறுத்துறேன்னா, இப்ப உங்க குழுவுல ஒருத்தரைக் கோபத்துல நீக்கினா கூண்டு ஏத்தின தகவலும் அவருக்குப் போகாது. அவர் மறுநாள் கடலுக்குப் போற ஆளு. அறிவிப்புக் குழுவுல இருந்து எவ்வளவு பெரிய சண்டையா இருந்தாலும் யாரையும் நீக்கக் கூடாது. தண்டனை பேச்சுக் குழுவோட நிக்கட்டும்: முதல்ல தனியா போன் போட்டுச் சொல்லுங்க, மறுபடி நடந்தா 7 நாள் வெளிய வைங்க. எந்த நாள் திரும்பச் சேர்ப்பீங்கன்னு அவர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடணும். அது தெரியாமப் போறப்பதான் தெருவே கிளம்பும்.

அட்மின்ல ரெண்டு பேராவது கடலுக்குப் போகாதவங்களா இருக்கணும். விசைப்படகு போற திங்கள், புதன், சனியில அட்மின் எல்லாருமே சிக்னல் இல்லாத இடத்துல இருந்தா, கரையில நடக்குற சண்டையை நிறுத்த ஆளிருக்காது.

ஏர்வாடி_வள்ளம்

அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கங்க. ஐப்பசி, கார்த்திகை வந்தா 2017 ஒக்கி, 2018 கஜா வீடியோவெல்லாம் "இப்ப நடக்குது"ன்னு திரும்ப வரும். செய்திக்கு மேல இரட்டை அம்புக்குறி இருந்தா அது கைமாறிக் கைமாறி வந்த சரக்கு. போட்டவரை எல்லாருக்கும் முன்னாடி முட்டாள்னு சொல்லாதீங்க, பயத்துலதான் போட்டிருப்பார். அன்னைக்கு வந்த அறிவிப்பைப் போட்டு "இது பழைய வீடியோ, இன்னைய நிலவரம் இது"ன்னு எழுதிட்டு, வீடியோவை அழிச்சிடுங்க.

அறிவிப்புப் படத்துல தேதியும் மணியும் வெட்டுப்படாம இருக்கணும். காலையில வந்ததும் சாயங்காலம் வந்ததும் ஒண்ணா சுத்துறதாலதான் "போலாமா வேணாமா"ன்னு பாதிச் சண்டை. கூண்டு எண்ணை வெறுமனே போட்டாலும் பதற்றம்தான். ஒண்ணுன்னா தூரக் கடல்ல புயல் சின்னம் உருவாகியிருக்கு, மூணுன்னா நம்ம துறைமுகத்துக்கே பலத்த காத்து வரலாம்னு பக்கத்துலயே எழுதுங்க.

மண்டபம்_வடகடல்

வலை அறுந்த விஷயம்தான் கைகலப்பு வரைக்கும் போகுது, அதனால அதுக்கு ஒரு ஒழுங்கு வேணும். புகார்னா நேரம், ஜிபிஎஸ் புள்ளி, என்ன வலை, எத்தனை துண்டு போச்சு, முழுப் படகு எண், இவ்வளவும் எழுத்துல வரணும். நம்ம பக்கத்து விசைப்படகு எண் பலதுக்கும் முன்பகுதி ஒரே மாதிரிதான் இருக்கும். கடைசி எண்ணுல ஒண்ணு குறைஞ்சாலும் சம்பந்தமே இல்லாத சம்மாட்டி (படகு முதலாளி) வீட்டு வாசல்ல கூட்டம் நிக்கும். எண் சரியாப் பார்க்கலைன்னா "எண் தெரியலை"ன்னே எழுதட்டும்.

குரல்பதிவைப் புகாருக்கு அனுமதிக்காதீங்க. கடுப்புல பேசினது அப்படியே அடுத்த ஊர் குழுவுக்குப் போயிடும், எழுத்தைவிட அதுல சூடு அதிகம். புகார் வந்ததும் ரெண்டு தரப்பையும் மீனவர் சங்கத்துக்குக் கூப்பிட்டு, "எத்தனை மணிக்குப் பேசுறோம்"னு மட்டும் குழுவுல போடுங்க. மத்ததைக் குழுவுக்குள்ள இழுக்க வேணாம்.

வசவை அழிக்கிறப்ப ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அழிங்க. எந்த அட்மின் அழிச்சாருன்னு பேரோட காட்டும், ஒரு பக்கம் மட்டும் போனா அடுத்த சண்டை உங்களோடதான். அழிக்கும் முன்னாடி படம் பிடிச்சு வைங்க, சங்கத்துல கேப்பாங்க.

கேஸ் பத்தி: அட்மினா இருந்ததைத் தவிர வேற பங்கு இல்லைன்னா குற்றப்பத்திரிகையில இருந்து பேரை எடுத்துடணும்னு 2021 டிசம்பர்ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லியிருக்கு. ஆனா நீங்களே தூண்டிவிட்டாலோ சேர்ந்து எழுதினாலோ அது உதவாது.

தங்கச்சிமடம்_அட்மின்

நன்றி அண்ணே. இரங்கலை மட்டும் என்ன பண்றது? எழுதலைன்னா மரியாதைக் குறைவுன்னு நினைக்கிறாங்க.

பாம்பன்_தென்கடல்

பேச்சுக் குழுவுல ஒரே ஒரு செய்தி: யாரு, எந்த வீடு, அடக்கம் எத்தனை மணிக்கு. அதை மேல பின் பண்ணி 24 மணி நேரம் வைங்க. மத்தவங்க அந்தச் செய்தியை அழுத்திப் பிடிச்சுக் கைகூப்புற படத்தைப் போட்டாப் போதும். யார் யார் போட்டாங்கன்னு தொட்டா பேரோட வரும், வீட்டுக்காரங்க பார்த்துக்குவாங்க.